நாடித்துடிப்பில் தெரியும் வேலைப்பளு

நாற்று நடும்போது ஒரு பெண்ணின் இதயம் நிமிடத்துக்கு 120 முறை துடித்தால், அந்த நிமிடத்தில் அவர் செலவழிக்கும் ஆற்றல் ஏறத்தாழ இரண்டரை கிலோகலோரி. துடிப்பை 0.159-ஆல் பெருக்கி 8.72-ஐக் கழித்தால் கிலோஜூலில் விடை வரும். எம்.ஏ. வர்கீஸ், பி.என். சாகா, என். ஆத்ரேயா மூவரும் 1994-இல் வெளியிட்ட இந்தச் சூத்திரத்தைத்தான் இந்தியப் பெண்களின் வேலைப்பளுவை அளப்பவர்கள் இன்றும் எடுத்தாளுகிறார்கள். துடிப்பு 90-க்குள் இருந்தால் மிக லேசான வேலை, 105 வரை லேசானது, 120 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடினம்.

மூச்சில் செலவாகும் ஆக்சிஜனை அளப்பதே துல்லியமான முறை. ஆனால் முகமூடி மாட்டிக்கொண்டு சேற்றில் குனிந்து யார் நடவு நடுவது? அதனால்தான் மார்பில் கட்டும் துடிப்புமானி கழனிக்கு வந்தது. இடுப்பில் மாட்டும் அசைவுமானியும் உண்டு; வெறுங்கையோடு நடப்பவரும் தண்ணீர்க் குடம் சுமப்பவரும் அதற்கு ஒன்றுதான்.

துடிப்புமானியிலும் குறை உண்டு. வெயிலிலும் பயத்திலும் துடிப்பு கூடும். ரத்தசோகை இருந்தால் அதே வேலைக்கு இதயம் கூடுதலாக அடித்துக்கொள்ளும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. சூத்திரம் கலோரியை மிகையாகக் காட்டலாம், ஆனால் அந்த உடம்புக்கு அந்த வேலை உண்மையிலேயே கூடுதல் பாரம். மணிக்கணக்கில் குனிந்தே களை பறிப்பவரின் இடுப்புவலியோ துடிப்பில் முழுதாகத் தெரியாது. அதற்காக, ‘மிக லேசு’ முதல் ‘ரொம்பக் கஷ்டம்’ வரை ஐந்து படிகள் வைத்து அவரிடமே கேட்கிறார்கள். (மாமியார் பக்கத்தில் இருக்கும்போது கேட்டால், ‘அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க’ என்றுதான் பதில் வரும்.)

அரசின் கணக்கில் இருப்பது நேரம் மட்டும். 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம், ஆண்கள் 88. அரிசியில் கல் பொறுக்கிய நிமிடமும் விறகு சுமந்த நிமிடமும் அங்கே சமம்.

இதில் சாப்பாட்டுக் கணக்கும் இருக்கிறது. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நடுத்தர உழைப்பென்றால் 2,130 கிலோகலோரி, கடின உழைப்பென்றால் 2,720 என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை. கடின உழைப்பை நடுத்தரம் என்று தவறாகக் குறித்தால் தினமும் 590 கிலோகலோரி குறையும். அடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் ஒரு பகுதிப் பெண்களுக்காவது துடிப்புமானி கட்டிப் பார்க்க வேண்டும். அது எட்டாத விலைக் கருவி அல்ல.