ஈரத்துக்குள் தாகம்

நன்றாகப் பழுத்த ஸ்ட்ராபெரியை வாங்கி வந்து மேசைமேல் வைத்துப் பாருங்கள். மறுநாளே தொய்ந்துபோகும், அடுத்த ஓரிரு நாளில் சாம்பல் நிறப் பூஞ்சை எட்டிப் பார்க்கும். அதே பழத்தை ஜாமாகக் காய்ச்சிப் புட்டியில் அடைத்துவிட்டால் மாதக்கணக்கில் கெடுவதில்லை. "காய்ச்சும்போது தண்ணீரெல்லாம் வற்றிவிடுகிறதே, அதனால்தான்" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

ஒரு கிலோ ஸ்ட்ராபெரியில் ஏறக்குறைய 900 கிராம் தண்ணீர்தான். அதோடு ஒரு கிலோ சர்க்கரை சேர்க்கிறோம். நல்ல ஜாமில் 100 கிராமுக்கு 65 கிராம் சர்க்கரையும் பழச்சத்துமாக இருக்கும், மீதி தண்ணீர். அந்தப் பதம் வரும்போது பாத்திரத்தில் சுமார் 1,700 கிராம் ஜாம் இருக்கும். அப்படியானால் ஆவியாகிப் போனது 300 கிராம்தான். இன்னும் 600 கிராம் தண்ணீர் உள்ளேயே இருக்கிறது!

இருந்தும் பூஞ்சைக்கு அது கிடைப்பதில்லை. சர்க்கரை மூலக்கூறுகள் தண்ணீர் மூலக்கூறுகளைத் தம்மைச் சுற்றிப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அதோடு விடுவதுமில்லை, ஜாமில் விழும் நுண்ணுயிரின் உடலிலிருக்கும் தண்ணீரையும் செல்லின் சவ்வு வழியே வெளியே இழுத்துவிடுகின்றன. இதுதான் சவ்வூடு பரவல். இத்தனை ஈரத்துக்கு நடுவே, பாவம், அது தாகத்தில் தவிக்கும். ஊறுகாயில் உப்பு செய்வதும் இதே வேலைதான். நேரில் பார்க்க ஆசையா? நறுக்கிய ஸ்ட்ராபெரிமேல் சர்க்கரை தூவி அரைமணி நேரம் விடுங்கள். அடுப்பே இல்லாமல் கிண்ணத்தில் சிவப்புச் சாறு ஊறியிருக்கும்.

சர்க்கரையைக் குறைத்தால் உடம்புக்கு நல்லதுதானே என்று கேட்பீர்கள். நல்லதுதான். ஆனால் அது ஃப்ரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தின்று தீர்க்க வேண்டிய பழக்கூழ். அதை மாதக்கணக்கில் வைத்திருக்க முடியாது.

சரி, ஓடும் சாறு எப்படிக் கெட்டியாகிறது? பழத்தின் செல்சுவர்களில் பெக்டின் என்ற நீளமான மூலக்கூறுகள் உண்டு. சாற்றில் அவை எதிர்மின்சுமையோடு இருப்பதால் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். எலுமிச்சைச் சாறு பிழிந்தால் அமிலம் அந்த மின்சுமையைக் குறைக்கிறது. சர்க்கரையோ இடையில் நிற்கும் தண்ணீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. இனி விலகி நிற்கக் காரணமில்லை. பெக்டின் இழைகள் ஆங்காங்கே ஒட்டி வலையாகின்றன, சாறு அதற்குள் சிக்கிக்கொள்கிறது. கொய்யாவில் பெக்டின் தாராளம், ஸ்ட்ராபெரியில் கொஞ்சம்தான். அதிலும் பழம் கனியக் கனியப் பெக்டின் சிதைந்துகொண்டே போகும். கனிந்த பழம் மெத்தென்று ஆவதற்கு அதுவும் ஒரு காரணம். அதனால் சற்றுக் காய்ப்பதமான பழங்கள் சிலவற்றையும் சேர்த்துப் போடுவது கெட்டிக்காரத்தனம்.

பதம் பார்ப்பதிலும் ஒரு வேடிக்கை. சர்க்கரை கரைந்த தண்ணீரின் கொதிநிலை உயரும். சமவெளியில் ஜாம் 105 டிகிரி செல்சியஸ் அளவில் கொதித்தால் பதம் வந்துவிட்டது என்று பொருள். ஸ்ட்ராபெரி விளையும் ஊட்டியில் அப்படிக் காத்திருந்தால் ஜாம் தீய்ந்துபோகும்! அங்கே காற்றழுத்தம் குறைவு. வெறும் தண்ணீரே 93 டிகிரிக்குள் கொதித்துவிடும். ஆகவே ஜாமுக்கு 98 டிகிரிக்குள் போதும். வெப்பமானி இல்லாவிட்டால், குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஆறியதும் விரலால் தள்ளுங்கள். மேலே சுருக்கம் விழ வேண்டும். கொதிக்கும் ஜாம் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும், அடுப்பு வேலையைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள்.

வெந்நீரில் கொதிக்க வைத்தெடுத்த கண்ணாடிப் புட்டியில் சூடாகவே ஊற்றி மூடுகிறார்கள். ஆறும்போது உள்ளே இருக்கும் நீராவி குளிர்ந்து நீராகிறது, காற்றும் சுருங்குகிறது. வெளிக்காற்று மூடியை அழுத்திக் குழிய வைக்கிறது. உணவைப் புட்டியில் அடைத்துச் சூடாக்கிக் காக்கும் முறையைப் பிரான்சின் நிக்கோலா அப்பேர் 1810இல் புத்தகமாக எழுதினார். உணவைக் கெடுப்பது நுண்ணுயிர் என்று லூயி பாஸ்டர் விளக்கிக் காட்டியது அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகுதான்!

திறந்த புட்டியில் மட்டும் பூஞ்சை ஏன் வருகிறது? ஈரக் கரண்டியை விட்டாலோ, மூடியின் அடியில் கோத்த நீர்த்துளி சொட்டினாலோ, அந்த இடத்தில் மட்டும் சர்க்கரை நீர்த்துவிடும். காற்றில் வந்த பூஞ்சை விதைத்துகளுக்கு அவ்வளவு இடம் போதும். அதை மட்டும் வழித்துப் போட்டுவிட்டு மீதியைத் தின்னாதீர்கள். அதன் இழைகளும் நச்சும் கண்ணுக்குத் தெரியாமல் கீழே இறங்கியிருக்கலாம்.