பணம் போடுதல்: ஒரு வினைச்சொல்லும் சில சட்டங்களும்

நான் குடியிருக்கும் பெருங்களத்தூரில் ஒருவர் ‘பணம் போட்டிருக்கேன்’ என்றால் அது எதையும் குறிக்கலாம். ஏலச்சீட்டு, ஃபைனான்ஸ் கம்பெனி டெபாசிட், தேக்கு மரத் திட்டம், நிதி எல்லாவற்றுக்கும் ஒரே வினைதான்: போடு. பேச்சுமொழி பிரிக்காத இதைச் சட்டம் பிரிக்கிறது. சீட்டு என்றால் 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம். ஃபைனான்ஸ் கம்பெனி என்றால் ரிசர்வ் வங்கி. தேக்குத் திட்டம் என்றால், 1999-இலிருந்து, செபியின் கூட்டு முதலீட்டுத் திட்ட விதிகள். ‘நிதி’ என்றால் கம்பெனிச் சட்டம். பணம் போட்டவர் தாம் எந்தச் சட்டத்தின் ஆள் என்பதைப் பணம் போன பிறகுதான் தெரிந்துகொள்கிறார்.

நான் தமிழ் எம்.ஏ.; சட்டம் படித்தவனல்ல. ஆனால் சட்டமும் ஒரு பிரதிதான். அது யாரை எந்தப் பெயரால் விளிக்கிறது என்று வாசித்துப் பார்க்க வழக்கறிஞராக வேண்டியதில்லை. விளிக்கப்படும்போதுதான் தன்னிலை உருவாகிறது என்று அல்தூசர் 1970-இல் சொன்னது இங்கே நேரடியாகவே பொருந்துகிறது.

முதல் விளி ‘நுகர்வோர்’. 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வங்கி, நிதி, காப்பீடு ஆகியவற்றையும் ‘சேவை’ என்றே வரையறுத்தது. அதன் இடத்துக்கு வந்த 2019 சட்டமும் அப்படித்தான். ஆக, முதிர்வுத் தேதியில் பணம் வரவில்லையென்றால் அது சேவைக் குறைபாடு. வக்கீல் இல்லாமல் தானே போய் முறையிடலாம். இது சிறிய விஷயமல்ல. ஆனால் இந்தச் சொல்லில் ஒரு வினோதம் இருக்கிறது. நுகர்தல் என்றால் துய்த்தல். பணத்தைக் கொடுத்துவிட்டு ரசீதை வைத்துக்கொண்டு காத்திருப்பவர் எதைத் துய்த்தார்? சந்தையில் வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்கலாம். அவர் வாங்கியதோ ஒரு வாக்குறுதி. அதை ஒடித்துப் பார்க்க முடியாது. தேர்ந்து வாங்குபவர் என்ற கற்பிதத்தின் மேல் எழுந்த சட்டம் இங்கே தடுமாறுகிறது.

தொண்ணூறுகளில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. வங்கி தராத வட்டியைத் தருவதாகச் சொன்ன கம்பெனிகள் தமிழகத்தில் வரிசையாக விழுந்தன. 1998-இல் அனுபவ் பிளான்டேஷன்ஸ் சரிந்தது. நுகர்வோர் மன்றம் ஒருவருக்குச் சாதகமாக உத்தரவு போடலாம். பூட்டிக் கிடக்கும் கம்பெனியிடம் அந்தக் காகிதத்தை வைத்து என்ன செய்வது? வழக்குப் போட்டவருக்கு மட்டுமே அது தீர்ப்பு. போடத் தெரியாதவர்கள் கணக்கிலேயே வருவதில்லை.

இதற்கு விடையாகத்தான் 1997-இல் தமிழ்நாடு வைப்பீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இது விளிப்பது தனி நுகர்வோரை அல்ல, வைப்பீட்டாளர் என்ற கூட்டத்தை. அரசு நிறுவனத்தின் சொத்தை முடக்கும். தனி நீதிமன்றம் அதை உறுதிசெய்யும். விற்றுவரும் பணம் எல்லோருக்கும் விகிதப்படி பிரித்துத் தரப்படும். குற்றவாளிக்குப் பத்தாண்டு வரை சிறை. மாநிலம் இப்படிச் செய்யலாமா, இது மத்திய அரசின் அதிகாரமல்லவா என்ற விவாதம் நீண்டது. இதே போன்ற மகாராஷ்டிரச் சட்டத்தைப் பம்பாய் உயர்நீதிமன்றம் 2005-இல் செல்லாது என்றது; நம் சட்டத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007-இல் செல்லும் என்றது. 2011-இல் உச்சநீதிமன்றம் கே.கே. பாஸ்கரன் வழக்கில் சென்னையின் பக்கம் நின்றது.

மூன்றாவது விளி ‘உறுப்பினர்’. ‘நிதி’ என்பது நம்மூர் வழக்கிலிருந்தே மத்திய கம்பெனிச் சட்டத்துக்குள் நுழைந்த சொல். நிதியில் உறுப்பினர் மட்டுமே பணம் போட முடியும். ‘நீங்களும் ஒரு ஓனர்தானே சார்’ என்ற பேச்சில் இருக்கும் இதம் ஆபத்தானது. உரிமையாளர் யாரிடம் முறையிடுவார்? வங்கி வைப்புக்கு 2020-இலிருந்து உள்ள 5 லட்ச ரூபாய்க் காப்பீடு நிதிகளுக்குக் கிடையாது. 1872-இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டில் பணம் திரும்பவில்லை என்று புகார்கள் எழுந்து, 2024-இல் அதன் நிர்வாக இயக்குநர் கைதானபோது, ஒன்றரை நூற்றாண்டுப் பழமை உத்தரவாதமாகாது என்பது தெரிந்தது. உறுப்பினர் என்பதாலேயே நுகர்வோர் உரிமை போய்விடாது என்பதற்கும் தமிழகத்திலேயே ஒரு தீர்ப்பு உண்டு. திருமுருகன் கூட்டுறவு வேளாண்மைக் கடன் சங்க வழக்கில், அடகு வைத்த நெல் மூட்டைகளுக்காக நுகர்வோர் மன்றம் போனது சரியே என்று 2003-இல் உச்சநீதிமன்றம் சொன்னது. கூட்டுறவுச் சட்டம் தரும் வழி இருந்தாலும் நுகர்வோர் சட்டம் கூடுதல் வழி என்பது அதன் சாரம்.

நான்காவது விளி சட்டத்தில் இல்லை, தெருவில் இருக்கிறது: ‘ஏமாந்தவன்’. ஏமாறு தன்வினை, ஏமாற்று பிறவினை. ‘அவன் ஏமாந்துட்டான்பா’ என்னும்போது ஏமாற்றியவர் வாக்கியத்திலிருந்தே காணாமல் போகிறார். மிச்சத்துக்குப் ‘பேராசை பெருநஷ்டம்’ என்ற பழமொழி இருக்கிறது. ஓய்வுபெற்று வந்த கிராஜுவிட்டியை மாதச் செலவுக்கு வட்டி வரட்டும் என்று போட்டவரின் தேவையும், ஊரைச் சுருட்டியவரின் கணக்கும் ஒரே ‘ஆசை’க்குள் அடங்கிவிடுகின்றன. கட்டுப்பாட்டு அமைப்புகளுக்கு இதைவிட வசதியான சொல்லாடல் வேறில்லை.

2019-இன் ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம் இதில் ஒரு அடி நகர்ந்தது. எந்த வடிவில் வாங்கினாலும், திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கிய பணம் வைப்புதான்; பட்டியலில் உள்ள ஒழுங்குமுறைக்குள் வராவிட்டால் அந்தத் திட்டமே குற்றம். ‘போடு’ என்ற மக்கள் வினைக்குச் சட்டம் வந்த மிக அருகாமை இதுதான். அதற்குப் பிறகும் ஆருத்ரா நடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் வாங்கியதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு சொல்லும் அந்த வழக்கு 2022-இல்தான் வெடித்தது. சட்டப் புத்தகத்தில் தடை இருந்தது. போர்டு மாட்டி, விளம்பரம் செய்து, ஆள் சேர்த்தபோது தடுக்க யாரும் இல்லை.

எனவே விழிப்புணர்வு முகாம் போட்டு, ‘நுகர்வோரே, உஷார்’ என்று நம்மையே திரும்பத் திரும்ப விளிப்பது போதாது. எந்தப் பெயரில் நிற்பது என்று கண்டுபிடிக்கும் சுமை பணம் போட்டவர் தலையில் இருக்கும்வரை சட்டம் எப்போதும் பணம் போன பின்புதான் வரும். ரசீது எழுதப்படும் நாளிலேயே, இந்தக் கடைக்கு அனுமதி கொடுத்தது யார், பார்த்துக்கொண்டிருப்பது யார் என்பது அந்த ரசீதில் தமிழில் இருக்க வேண்டும். இல்லாத கடை திறக்கவே கூடாது. ஏமாந்தவன் யார் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, திறக்கவிட்டவர் யார் என்று கேட்கத் தொடங்கலாம்.