ஆதரவு முடிந்த பிறகும் ஓடும் கிளஸ்டர்

2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவை கப்பம் கோரும் வைரஸிடம் சிக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. சேவை சில மணித்தியாலங்களில் மீண்டது. ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்கு மாற்றுப் பிரதி இருக்கவில்லை. அவை மீளவே இல்லை. அந்தச் சேவை மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 இல் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் அதே ஆண்டு ஏப்ரல் 11 உடன் நின்றுவிட்டன. புதிய பதிப்புக்கு மாறும் திட்டம் 2021 முதல் இருந்தும் நிதி இல்லாமல் தள்ளிப்போனது என்று தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவரகம் பின்னர் விளக்கம் அளித்தது.

இதே விளக்கத்தை நாளை ஒரு பல்கலைக்கழகம் தரவேண்டி வரக்கூடாது. பேராதனை போன்ற வளாகங்களில் பல கணினிகளை இணைத்துக் கணிப்புக்காகக் கட்டப்படும் கிளஸ்டர்களுக்குப் பல ஆண்டுகளாக இயல்பான தெரிவாக இருந்தது சென்ட்ஓஎஸ் என்ற லினக்ஸ் இயங்குதளம். இலவசம், நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்கும் ரெட் ஹட் லினக்ஸை ஒத்தது, பத்தாண்டு ஆதரவு உண்டு. 2014 இல் வெளிவந்த சென்ட்ஓஎஸ் 7 இன் ஆதரவு 2024 ஜூன் 30 அன்று முடிந்தது. அதற்கு அடுத்த பதிப்பான 8 இன் கதை இன்னும் மோசம்: 2029 வரை ஓடும் என்று நம்பி நிறுவியவர்களுக்கு, அது 2021 டிசெம்பர் 31 உடன் முடியும் என்று 2020 டிசெம்பரில் ரெட் ஹட் அறிவித்தது.

ஆதரவு முடிந்த நாளில் எந்தச் சேர்வரும் நிற்பதில்லை. வரிசையில் இருக்கும் கணிப்புகள் ஓடும், முடிவுகள் வரும். புதிய மென்பொருளை நிறுவ முயலும்போது மட்டும் களஞ்சிய முகவரி கிடைக்கவில்லை என்று ஒரு பிழைச் செய்தி தோன்றும். ஓடுகிறதே, ஏன் தொடவேண்டும் என்ற எண்ணம் இங்கேதான் பிறக்கிறது.

கிளஸ்டர் என்பது ஒருவர் மட்டும் பாவிக்கும் கணினி அல்ல. இளங்கலை மாணவர், ஆய்வு மாணவர், பட்டம் பெற்று வெளிநாடு போனவர் என்று நூற்றுக்கணக்கானோருக்கு அதில் கணக்கு இருக்கும். அவர்களில் ஒருவருடைய கடவுச்சொல் போனாலே கள்ளன் வீட்டுக்குள் வந்துவிடுகிறான். சாதாரணக் கணக்கிலிருந்து நிர்வாகி அதிகாரத்துக்கு ஏற ஒரு ஓட்டை இருந்தால் மிச்சம் அனைத்தும் அவனுக்கே. 2022 ஜனவரி 25 அன்று வெளிப்பட்ட ‘பொன்கிட்’ அப்படிப்பட்ட ஓட்டை. 2009 முதல் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக லினக்ஸ் கணினிகளில் யாரும் காணாமல் கிடந்தது. சென்ட்ஓஎஸ் 8 இன் ஆதரவு முடிந்து இருபத்தைந்தே நாட்களில் அது வெளியே வந்தது. 2020 மே மாதத்தில் எடின்பரோவின் ஆர்ச்சர் உட்பட ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் மீக்கணினிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டதும் பயனர்களின் உள்நுழைவு விபரங்கள் திருடப்பட்டதாலேயே. வளம் குறைந்த வளாகத்தை யார் தேடி வருவார் என்று எண்ணவேண்டாம். தாக்குபவன் முகவரியைப் பார்ப்பதில்லை. இணையம் முழுவதையும் தானியங்கியாகத் துழாவுகிறான்.

ஆகவே மாறத்தான் வேண்டும். ஆனால் மாற்றமே பேரழிவாகவும் முடியலாம், இதை அவசரக்காரர்கள் கவனிக்கவேண்டும். 2021 டிசெம்பர் 14 முதல் 16 வரை கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மீக்கணினியிலிருந்து 77 டெராபைட் தரவு, ஏறக்குறைய 3 கோடி 40 இலட்சம் கோப்புகள், அழிந்தன. 14 ஆய்வுக்குழுக்கள் பாதிக்கப்பட்டன; அவற்றில் நான்கின் தரவை மீட்கவே முடியவில்லை. இதில் எந்தத் தாக்குதலும் இல்லை. பழைய பதிவுக் கோப்புகளை அழிக்கும் ஒரு நிரலை, அது ஓடிக்கொண்டிருந்தபோதே, வழங்குநரான ஹெவ்லட் பக்கார்ட் மேம்படுத்தி மாற்றி எழுதியது. பாதி வழியில் புதிய நிரல் வாசிக்கப்பட்டது. அதில் மாறிகளுக்குப் பெறுமதி இல்லை. பழைய பதிவுகளுக்குப் பதிலாகப் பயனர் கோப்புகள் துடைக்கப்பட்டன. பொறுப்பு முழுவதும் தம்முடையதே என்று நிறுவனம் ஏற்றுக்கொண்டது. ஓடியது மாற்றுப் பிரதி எடுக்கும் அமைப்பின் நிரல் என்பதுதான் கொடுமை.

நம் வளாகங்களுக்கென்று தனிச் சிக்கல்கள் உண்டு. டொலர் நெருக்கடிக்குப் பின் புதிய சேர்வர் வாங்குவது எளிதல்ல. பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய பெட்டிகளையே வைத்துச் சமாளிக்கவேண்டும். அந்தப் பெட்டிகளைப் புதிய இயங்குதளங்கள் கைவிட்டு வருகின்றன. எல்எஸ்ஐயின் எஸ்ஏஎஸ் 2008 சில்லு கொண்ட வட்டு அட்டைகளுக்கான ஆதரவை ரெட் ஹட் 8 ஆம் பதிப்பிலேயே நீக்கியது. நிறுவியைப் போட்டால் வட்டே தெரியாது. எல்ரெப்போ என்ற வெளிக் களஞ்சியம் தரும் இயக்கியைத் தேடவேண்டும். 2025 மே மாதத்தில் வந்த 10 ஆம் பதிப்பு, ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் இல்லாத செயலிகளில், அதாவது இன்டெலின் 2013 ஹஸ்வெல்லுக்கு முந்தியவற்றில், ஓடாது. ரெட் ஹட்டை ஒத்த இலவச இயங்குதளமான அல்மாலினக்ஸ் மட்டும் பழைய செயலிகளுக்கென 10 இன் தனிப் பதிப்பொன்றை வைத்திருக்கிறது. என்விடியாவின் பழைய கே20, கே40 கணிப்பு அட்டைகளை அதன் சொந்த மென்பொருளான ‘கூடா’ 12 ஏற்பதில்லை. இதையெல்லாம் நிறுவும் நாளில் கண்டுபிடிப்பவருக்குத் திரும்பிப்போக வழி இருக்காது. கிளஸ்டரின் ஒரேயொரு கணினியை, அதாவது ஒரு கணுவை, கழற்றி, புதிய வட்டில் முதலில் நிறுவிப் பார்ப்பதே ஒழுங்கு.

சத்தமில்லாமல் நிகழும் கேடு ஒன்றும் உண்டு. பகிர்வுச் சேமிப்பில் கோப்பின் உரிமையாளர் பெயராக அல்ல, இலக்கமாகவே பதியப்படுகிறார். புதிய சேர்வரில் கணக்குகளைப் புதிதாகத் திறந்து இலக்கங்கள் மாறினால், ஒரு மாணவியின் ஆய்வுக் கோப்புகள் இன்னொருவருடையவை ஆகிவிடும். பழைய கணக்குப் பட்டியலை இலக்கங்களோடு அப்படியே கொண்டுபோகவேண்டும்.

இடைநடுவில் இருக்கும் ஆய்வுகளே எனக்கு மிகவும் கவலை தருபவை. சென்ட்ஓஎஸ் 7 இன் தொகுப்பி ஜிசிசி 4.8, ரெட் ஹட் 9 வழியில் வந்தவற்றில் ஜிசிசி 11. மூன்று வருடமாக ஓடிய ஒரு கணிப்பு, புதிய தொகுப்பியில் கடைசித் தசம இலக்கங்களில் வேறுபடலாம். சில கணிப்புகளில் அந்த வேறுபாடு வளர்ந்து முடிவையே மாற்றும். அதற்காகப் பழைய மென்பொருள் சூழலை அப்டெய்னர் என்ற கருவியால் ஒரு கொள்கலனாகக் கட்டி எடுத்துச் செல்லலாம். வெளி வலையமைப்பிலிருந்து துண்டித்த ஒரு பழைய கணுவையும் வைத்துக்கொண்டு, ஒரே உள்ளீட்டை இரண்டிலும் ஓட்டி முடிவுகளை ஒப்பிடவேண்டும். ஆய்வேடு சமர்ப்பிக்கும் பருவத்தில் இந்த மாற்றத்தைத் தொடவே கூடாது.

கண்டியில் இதைச் செய்பவர் மின்சாரத்தையும் மழையையும் சேர்த்தே கணக்கிடவேண்டும். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலத்தை எட்டியது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பட்டு நாடே இருண்ட 2025 பெப்ரவரி 9 ஒரு ஞாயிற்றுக்கிழமை. சேர்வர் வேலைகளுக்கு எல்லோரும் தேர்ந்தெடுக்கும் நாள் அதுதான். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது கண்டி மாவட்டம் மண்சரிவிலும் வெள்ளத்திலும் சிதைந்தது. மகாவலிக் கரையில் இருக்கும் ஒரு வளாகத்தின் மாற்றுப் பிரதி அதே கட்டடத்தின் அடுத்த அறையில் இருப்பது பிரதியே அல்ல. பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு இருக்கிறது. யாழ்ப்பாணமும் ஒலுவிலும் மொறட்டுவையும் அதில் இருக்கின்றன. ஒருவருடைய தரவை மற்றவர் காப்பது இரண்டு பீடங்களின் உடன்பாட்டோடு தொடங்கக்கூடிய காரியம். அதற்குத் தேவை சில வட்டுகளும் ஒரு கையெழுத்தும்.

அந்தப் பிரதியிலிருந்து ஒரு முழு அடைவை மீட்டெடுத்து, உரிமையாளரையே திறந்து பார்க்கச் சொல்லும் வரை பழைய வட்டுகளை அழிக்க எவருக்கும் அனுமதி தரக்கூடாது. இந்தச் சோதனைக்கு ஒரு கிழமை போனாலும் போகட்டும்.

மாறுவதற்கு இடமில்லாமல் இல்லை. சென்ட்ஓஎஸ்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரெகரி குர்ட்ஸர், அதே வழியில் ரொக்கி லினக்ஸைத் தொடங்கினார். துகள் இயற்பியல் ஆய்வுக்கூடங்களான சேர்னும் ஃபெர்மிலாபும் 2022 டிசெம்பரில் அல்மாலினக்ஸைத் தேர்ந்தெடுத்தன. இரண்டும் இலவசம். ஆனால் பழைய பெட்டிகளுக்காக 8 ஆம் பதிப்பில் தங்குபவருக்கு 2029 வரைதான் தவணை. 9 இல் ஏறுபவருக்கு 2032 மே வரை. தவணை முடியும் வருடத்துக்கான சேர்வர் செலவைப் பீடத்தின் வரவுசெலவுத் திட்டத்தில் இப்போதே ஒரு வரியாக எழுதிவைக்கலாம்.