தூத்துக்குடியில் சிறார் ஆஸ்துமாவும் சமூக ஏற்றத்தாழ்வும்

சிறார் ஆஸ்துமா (ஈளை நோய்) என்பது குழந்தைகளின் மூச்சுக்குழாய்களில் ஏற்படும் நாட்பட்ட அழற்சி நோய் ஆகும். பேச்சு வழக்கில் இது இழுப்பு, இளைப்பு, வீசிங் என்றும் அழைக்கப்படுகிறது. இந்நோய் எல்லாத் தரப்பினருக்கும் வரக்கூடியது. ஆயினும் அதனால் விளையும் துன்பமும் இறப்பும் எல்லோருக்கும் ஒரே அளவில் அமைவதில்லை. மேலை நாடுகளில் இவ்வேறுபாடு பெரும்பாலும் இனவழியே பதிவு செய்யப்படுகிறது. இந்தியாவில் அது வருமானம், தொழில், சாதி, குடியிருப்பு ஆகியவற்றின் வழியே வெளிப்படுகிறது. துறைமுகம், அனல்மின் நிலையங்கள், உப்பளங்கள், மீனவர் குடியிருப்புகள் ஆகியன அருகருகே அமைந்த தூத்துக்குடி இதனை விளங்கிக்கொள்ள உதவும் நகரங்களுள் ஒன்றாகும்.

நோயின் இயல்பு

ஆஸ்துமா உள்ள குழந்தையின் மூச்சுக்குழாய்கள் தூசி, புகை, சளிக்காய்ச்சல், பூஞ்சை போன்ற தூண்டிகளால் எளிதில் சுருங்குகின்றன. உள்ளே வீக்கமும் சளியும் மிகுவதால் மூச்சுவிடும்போது விசில் போன்ற ஒலி எழுகிறது. நோய் வருவதில் மரபுக்கும் பங்கு உண்டு. எனினும் அது எவ்வளவு கடுமையாகும், எத்தனை முறை மருத்துவமனைக்குச் செல்ல நேரும் என்பவற்றைச் சூழலும் தொடர் மருத்துவமும் பெரிதும் தீர்மானிக்கின்றன.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில் கறுப்பினக் குழந்தைகளிடையே ஆஸ்துமா வெள்ளையினக் குழந்தைகளைவிட ஏறத்தாழ இரு மடங்கு காணப்படுகிறது. இறப்பு வீத வேறுபாடு இன்னும் பெரியது. 1930களில் அந்நாட்டு அரசு அமைப்பொன்று கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளை வீட்டுக்கடனுக்குத் தகுதியற்றவை என வரைபடங்களில் குறித்தது. கலிபோர்னியாவின் எட்டு நகரங்களில் பின்னாளில் நடந்த ஆய்வில், மிகத் தாழ்வாகத் தரமிடப்பட்ட பகுதிகளில் ஆஸ்துமாவுக்கான அவசரச் சிகிச்சை வருகை, உயர்ந்த தரமிடப்பட்ட பகுதிகளைவிட 2.4 மடங்கு இருந்தது.

இலண்டனில் போக்குவரத்து மிகுந்த சாலையருகே வாழ்ந்த 9 வயதுக் கறுப்பினச் சிறுமி எல்லா அடூ-கிசி-டெப்ரா 2013 பெப்ரவரியில் ஆஸ்துமாவால் இறந்தார். காற்று மாசு அவரது இறப்புக்குக் காரணிகளுள் ஒன்று என மரண விசாரணை அதிகாரி 2020 திசம்பரில் முடிவு அறிவித்தார்.

தூத்துக்குடியின் காற்று

தூத்துக்குடி 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. நிலக்கரி இங்குக் கையாளப்படும் முதன்மைச் சரக்குகளுள் ஒன்றாகும். 1979 முதல் தலா 210 மெகாவாட் திறனுள்ள ஐந்து அலகுகள் கொண்ட அனல்மின் நிலையம் படிப்படியாக நிறுவப்பட்டது. 2015இல் தலா 500 மெகாவாட் திறனுள்ள மேலும் இரு அலகுகள் செயற்படத் தொடங்கின.

நிலக்கரியை எரிப்பதால் வெளிப்படும் கந்தக டைஆக்சைடு, மூச்சுக்குழாய்களை விரைந்து சுருங்கச் செய்யும் வளிமம் ஆகும். 24 மணி நேரச் சராசரியாக இதன் அளவு ஒரு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என உலக சுகாதார அமைப்பு 2021இல் பரிந்துரைத்தது. இந்திய வரம்பு 80 மைக்ரோகிராம் ஆகும். அனல்மின் நிலையங்களுக்கு 2015 திசம்பரில் விதிக்கப்பட்ட கந்தக டைஆக்சைடு வரம்பின் கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது.

இதே வளிமத்தை வெளியிட்ட மற்றொரு மூலம் ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை ஆகும். சுற்றுச்சூழல் பாதிப்புக்காக 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவ்வாலைக்கு ரூ. 100 கோடி இழப்பீடு விதித்தது. 2018 மே மாதம் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின்போது நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். அதே மாதம் ஆலையை மூட மாநில அரசு ஆணையிட்டது. ஆலையைத் திறக்கக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் 2024 பெப்ரவரியில் தள்ளுபடி செய்தது. ஆலை மூடப்பட்டபோதும் நிலக்கரி, சரக்குந்துப் புகை, சாலைத் தூசி ஆகியன எஞ்சியுள்ளன. தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் காற்றுத் தர வரம்பை எட்டாத நகரங்களின் பட்டியலில் தூத்துக்குடியும் இடம்பெற்றது.

தொழிலும் வறுமையும்

முத்துக்குளித்துறை எனப் பெயர்பெற்ற இக்கரையில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. கடலோர மக்கள் பலர் இன்று மீன்பிடித்தல், துறைமுகக் கூலிவேலை, உப்பளவேலை ஆகியவற்றைச் சார்ந்துள்ளனர். வேலை இருக்கும் இடத்தருகிலேயே குடியிருக்க வேண்டிய குடும்பங்கள் மாசின் அருகிலும் வாழ்கின்றன. விறகடுப்புப் புகையும் நெருக்கமான வீடுகளும் குழந்தைகளின் நிலையை மேலும் கடினமாக்குகின்றன.

உப்பளத் தொழில் வெயில் காலத்துக்கு உரியது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் திசம்பர் வரை வேலை நின்றுபோகிறது. சளிக்காய்ச்சல் பரவுவதும், ஒழுகும் வீடுகளில் ஈரமும் பூஞ்சையும் மிகுவதும் அதே மாதங்களில்தான். இதனால் குழந்தைக்கு இழுப்பு வரும் வாய்ப்பு கூடும் காலமும், பெற்றோர் கையில் பணம் இல்லாத காலமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன.

மருத்துவ வசதி

அழற்சியைத் தணிக்கும் உறிஞ்சு மருந்தை (இன்ஹேலர்) நாள்தோறும் பயன்படுத்தினால் பெரும்பாலான குழந்தைகள் இயல்பாகப் பள்ளி செல்லவும் விளையாடவும் இயலும். வறுமையில் உள்ள குடும்பங்கள் மூச்சுத்திணறல் வந்தபின் மட்டும் மருத்துவமனைக்குச் சென்று ஊசியும் நெபுலைசரும் பெற்றுத் திரும்புவது உண்டு. அத்திணறல் நீங்கினாலும் உள்ளிருக்கும் அழற்சி நீங்குவதில்லை. 'இன்ஹேலர் பழகிவிடும்' என்னும் தவறான அச்சமும் தொடர் மருத்துவத்தைத் தடுக்கிறது. உலக ஆஸ்துமா நோயாளிகளில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினரே இந்தியாவில் உள்ளனர். ஆனால் ஆஸ்துமா இறப்புகளில் 40 விழுக்காட்டுக்கும் மேல் இங்கு நிகழ்வதாக மதிப்பிடப்பட்டுள்ளது.

கணக்கெடுப்பின் குறை

தேசியக் குடும்பநல ஆய்வின் நான்காம் (2015-16), ஐந்தாம் (2019-21) சுற்றுகளில் ஆஸ்துமா பற்றிய கேள்வி 15 வயது நிரம்பியோரிடமே கேட்கப்பட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அண்மைய இருமலும் மூச்சுத் தொற்றின் அறிகுறிகளும் மட்டுமே பதிவு செய்யப்பட்டன. ஆகவே 5 முதல் 14 வயது வரையுள்ள பள்ளிச் சிறார் இரண்டிலும் அடங்கவில்லை. அமெரிக்காவில் இனவழிப் புள்ளிவிவரம் இருப்பதால் வேறுபாடு வெளிப்பட்டு, கேள்விக்கும் உள்ளானது. அத்தகைய பதிவு இல்லாத இடத்தில் உப்பளத் தொழிலாளியின் குழந்தைக்கு வரும் நோய், அக்குடும்பத்தின் தனித் துன்பமாகவே நின்றுவிடுகிறது.