புதுக்கடையின் முதற்சொல்

புதிதாக வாணிகந் தொடங்குவோர்க்குப் பணமே பெருங்குறை என்பர். ஆயினும் பணம் இருந்தும் கடையை மூடியவர் பலர். தாம் விற்பது யாது, அதனால் வாங்குவோர் அடையும் நன்மை யாது என்னும் இரண்டினையும், வழியிற் செல்பவர் நின்று விசாரியாமலே அறியும்படி சொல்ல அவர்களுக்குத் தெரிவதில்லை. கடன்பட்டு முதலிட்டவருக்கு இது சிறு குறையன்று. இதனை நன்குணர்ந்த வணிகர் ஒருவரின் வரலாறு இலங்கையோடும் தொடர்புடையது.

தோமஸ் லிப்டன் என்பவர் ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரிலே சிறு கடை நடத்திய பெற்றோரின் பிள்ளை. இளமையில் அமெரிக்கா சென்ற அவர், நியூயோர்க் நகரப் பெருங்கடையொன்றிற் பணியாற்றியபோது, பண்டங்களை எடுப்பாகக் காட்சிக்கு வைக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். ஊர் திரும்பி, 1871ஆம் ஆண்டிலே தமக்கென ஒரு மளிகைக் கடையைத் திறந்தார். கடையில் விளக்குகள் பிரகாசமாக எரிந்தன. ஓவியர் ஒருவரைக் கொண்டு வேடிக்கைச் சித்திரங்கள் வரைவித்துக் கடையின் முகப்பில் வைத்தார். அவற்றுள் ஒன்றிலே, அழும் பன்றியொன்றை ஒருவன் முதுகிற் சுமந்து செல்கின்றான். அநாதையான அப்பன்றிக்கு இரங்கி அதனை லிப்டனிடம் கொண்டு செல்வதாகக் கூறுகின்றான். சிரித்தவர் நெஞ்சிலே கடையின் பெயரும், அங்கே பன்றியிறைச்சி விற்கப்படுகின்றது என்னும் செய்தியும் ஒருங்கே பதிந்தன.

1890ஆம் ஆண்டில் லிப்டன் இலங்கைக்கு வந்தார். நோயினாற் கோப்பிப் பயிர் அழிந்திருந்தமையால் தோட்டங்கள் மலிவாகக் கிடைத்தன. அப்புத்தளைப் பகுதியிலே தம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். அக்காலத்துப் பிரித்தானியக் கடைகளிலே தேயிலை பெரும்பாலும் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுக்கப்பட்டது. நிறையும் தரமும் கடைக்குக் கடை வேறுபட்டன. லிப்டனோ ஒரு றாத்தல், அரை றாத்தல், கால் றாத்தல் எனப் பொதி செய்து, தம் பெயரைப் பொறித்து விற்றார். 'தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு' என்பது அவரது விளம்பர வாசகம். இடைத்தரகர் இல்லை, ஆதலால் விலை குறைவு, கலப்படத்துக்கும் இடமில்லை என்னும் மூன்று செய்திகளை அச்சிறு வாசகம் உணர்த்திற்று. இலையின் சிறப்பையோ அவரது பெருமையையோ அவ்வாசகம் விரித்துரைக்கவில்லை. வாங்குபவரின் ஐயம் எதுவோ அதற்கே விடை கூறினார்.

எனினும் அவ்வாசகத்தை மற்றொரு பக்கத்திலிருந்தும் நோக்குதல் வேண்டும். அவர் விற்ற தேயிலை முழுவதும் அவருடைய தோட்டங்களில் விளைந்ததன்று. விளம்பரப் படங்களிலே கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண் அழகுறத் தோன்றினாள்; அவள் பெற்ற சொற்பக் கூலியும், அவள் குடும்பம் ஒடுங்கிக் கிடந்த லயத்து அறையும் தோன்றவில்லை. 'நேரே' என்ற ஒரு சொல் அவளுடைய உழைப்பைத் தாண்டிச் சென்றுவிட்டது. தெளிவு வேறு, உண்மை வேறு. தெளிவாகச் சொல்லப்பட்ட அரையுண்மை, குழப்பமாகச் சொல்லப்பட்ட பொய்யிலும் நெடுந்தூரம் செல்லும்.

இன்று கைத்தொலைபேசித் திரையிலே கடை விரிக்கும் இளைஞருக்கும் இவ்வரலாறு பயன்படும். ஒரு விளம்பரத்துக்கு ஒரு செய்தி போதும். படம் அச்செய்தியைத் தாங்க வேண்டும், அதனோடு போட்டியிடலாகாது. எழுத்து பெரிதாகவும், நிறங்கள் சிலவாகவும், சுற்றிலும் வெற்றிடம் தாராளமாகவும் இருப்பின் கண் தடுமாறாது. விளம்பரத்தை வெளியிடுமுன், தொழிலைப் பற்றி ஏதும் அறியாத ஒருவரிடம் அதனைச் சில விநாடிகள் காட்டி, பின் மறைத்து, இங்கே விற்கப்படுவது யாது என்று வினவுதல் நன்று. அவர் விடை கூறத் தயங்கினால், திருத்த வேண்டியது விளம்பரமே. அவர் சரியாகக் கூறிவிட்டாலும் வேலை முடிந்துவிடாது. அப்பொருளை ஆக்கிய தொழிலாளியிடம் அதே விளம்பரத்தைக் காட்டி, இது உண்மைதானா என்று கேட்கும் துணிவும் வேண்டும்.