கோழியின் வயிற்றில் எந்தப் புழு?

காலையில் பொரிப்பதற்காக முட்டையை உடைக்கிறீர்கள். வெள்ளைக்கருவுக்குள் வெளுத்த நூல் போல ஒன்று கிடக்கிறது. உற்றுப் பார்த்தால், புழு! மிக அரிதாகத்தான் இப்படி நடக்கும். பறவைகளுக்கு எச்சமும் முட்டையும் வெளிவரும் வாசல் ஒன்றே. குடலில் வாழும் புழு அந்த வாசல்வரை வந்து, வழி தவறி முட்டைக்குழாய்க்குள் ஏறிவிட்டால், ஓடு மூடும் முன்பே உள்ளே சிக்கிக்கொள்கிறது.

ஈப்போவைச் சுற்றியுள்ள பழைய தோட்டப்புறங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பல குடும்பங்கள் தாமான்களுக்கு மாறிவிட்டன. ஆனாலும் கொல்லையில் பத்துக் கம்பத்துக் கோழிகளை அவிழ்த்துவிட்டு வளர்க்கும் பழக்கம் முற்றாகப் போய்விடவில்லை. பகலெல்லாம் அவை எறும்பையும் மண்புழுவையும் வண்டையும் கிளறித் தின்கின்றன. புழு உள்ளே போவதும் அந்த வழியாகத்தான்.

கோழி மெலிந்து, கொண்டை வெளிறி, முட்டை குறைந்ததும் வீட்டில் ஒருவர் கடைக்குப் போய்ப் ‘புழு மருந்து’ வாங்கி வருவார். எந்தப் புழுவுக்கு என்று கேட்டால் பதில் இருக்காது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

கோழிக்குடலில் அதிகம் காணப்படும் பெரிய உருண்டைப் புழுவின் பெயர் அஸ்காரிடியா காலி. 12 சென்டிமீட்டர் வரை வளரும். பெண்புழு இடும் முட்டைகள் எச்சத்தோடு மண்ணில் விழுகின்றன. விழுந்த உடனே அவற்றால் நோய் வராது. உள்ளே இளம்புழு உருவாக வேண்டும். பேராவின் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஏறக்குறைய இரண்டு வாரம் போதும். பிறகு ஒரு கோழி அதைக் கொத்தி விழுங்கினால், 5 முதல் 8 வாரங்களில் அந்தக் கோழியின் எச்சத்திலும் முட்டைகள் வரத் தொடங்கும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குஞ்சுகள்தாம் அதிகம் பாதிக்கப்படுகின்றன. புழுக்கள் திரண்டு சிறுகுடலையே அடைத்துக் குஞ்சைக் கொன்றுவிடுவதும் உண்டு.

நாடாப்புழுவின் கதை வேறு. அதன் முட்டையைக் கோழி நேராக விழுங்கினால் ஒன்றும் ஆகாது. முதலில் அது எறும்பு அல்லது வண்டின் உடலுக்குள் போய் வளர வேண்டும். அந்தப் பூச்சியைத் தின்னும் கோழிக்குத்தான் நாடாப்புழு வரும். எச்சத்தில் அரிசிமணி போல வெள்ளைத் துண்டுகள் தெரிந்தால் அது நாடாப்புழுவின் உடல் கண்ணியாக இருக்கலாம்.

மூன்றாவது, குடல்வாலில் வாழும் ஹெட்டராகிஸ் என்ற சிறு புழு. கோழிக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் இதன் முட்டைக்குள் ஹிஸ்டோமோனாஸ் என்னும் ஒரு செல் உயிரி ஒளிந்திருக்கும். அந்த முட்டையை மண்புழு தின்னும். மண்புழுவை வான்கோழி தின்னும். கல்லீரல் புண்ணாகி வான்கோழி இறந்துபோகும். இதற்குக் கருந்தலை நோய் என்று பெயர். தலை கறுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. கோழியையும் வான்கோழியையும் ஒரே கொல்லையில் விடக்கூடாது என்பது இதனால்தான்.

சரி, வயிற்றுக்குள் இருப்பதை எப்படி அறிவது? அடர்த்தியைப் பற்றி வகுப்பில் படித்தது இங்கே கைகொடுக்கும். உப்பு இனிமேல் கரையாது என்னும் அளவுக்குத் தண்ணீரில் கரைத்தால், அந்தக் கரைசலின் அடர்த்தி தண்ணீரைப்போல் ஏறக்குறைய 1.2 மடங்கு ஆகும். புதிய எச்சத்தை அதில் கலக்கி வடிகட்டிச் சிறு குழாயில் விளிம்புவரை ஊற்றினால், உருண்டைப் புழுவின் முட்டைகள் மேலே மிதந்து வரும். மேலே வைத்த கண்ணாடி மூடுதகட்டில் அவை ஒட்டிக்கொள்ளும். பள்ளி ஆய்வகத்து நுண்ணோக்கியிலேயே பார்க்கலாம். ஆசிரியர் மேற்பார்வையும் கையுறையும் கட்டாயம். முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். நாடாப்புழு முட்டைகள் இந்த முறையில் தப்பிவிடக்கூடும். சந்தேகம் இருந்தால் மாவட்டக் கால்நடை அலுவலகத்தை நாடலாம். ஈப்போவிலேயே 1948 முதல் கால்நடை ஆராய்ச்சிக் கழகம் இயங்கி வருகிறது.

புழு எது என்று தெரிந்தால் மருந்தும் தெரியும். பைப்பரசின் வளர்ந்த உருண்டைப் புழுவைச் செயலிழக்கச் செய்து, எச்சத்தோடு வெளியேற்றும். நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. ஃபென்பென்டசோல் புழுவின் செல்களுக்குள் இருக்கும் நுண்குழாய்களைக் குலைக்கிறது. நாடாப்புழுவுக்குப் பிரசிகுவான்டெல் வேண்டும். பாட்டி கொடுக்கும் பப்பாளியையும் சிரித்து ஒதுக்க வேண்டாம்: பப்பாளிப் பாலில் உள்ள நொதிகள் புழுவின் மேல்தோலைச் செரிக்கின்றன. 1994ல் வெளியான ஓர் ஆய்வில் பன்றிகளின் உருண்டைப் புழுக்களைப் பப்பாளிப் பால் குறைத்தது. கொல்லைக் கோழிக்கு எவ்வளவு என்ற அளவுதான் பாட்டியிடமும் இல்லை.

அந்த அளவுதான் பெரிய தொல்லை. மருந்தைத் தண்ணீரில் கலந்து வைத்தால், ஓடித் திரியும் கோழி மழைக்குட்டையில் குடித்துவிட்டு வரும். குறைந்த அளவு மருந்தில் தப்பிப் பிழைக்கும் புழுக்களின் சந்ததிக்கு நாளடைவில் மருந்து பலிக்காமல் போகலாம். இதே தலைவலி மலேசிய ஆய்வாளர்களுக்கும் இருந்தது. வெள்ளைக்கழிச்சல் எனப்படும் நியூகாசில் நோய்க்குக் கம்பத்துக் கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட முடியாது. 1980களில் அவர்கள் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளோடு சேர்ந்து, வெப்பம் தாங்கும் தடுப்பு மருந்தைத் தீவனத்தின்மேல் பூசிக் கொடுத்துப் பார்த்தார்கள். பத்துக் கோழிக்கு அவ்வளவு தேவையில்லை. இருட்டியதும் அடைந்திருக்கும் கோழியைப் பிடிப்பது எளிது. எடைபோட்டு, கால்நடை மருத்துவர் சொன்ன அளவை வாய்வழியாகக் கொடுங்கள். சில மருந்துகளுக்குப் பிறகு குறிப்பிட்ட நாள்களுக்கு முட்டையை உண்ணக்கூடாது, லேபிளைப் படியுங்கள். அந்த முட்டைகளைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்காதீர்கள்.

மருந்து கோழியைத்தான் சுத்தம் செய்யும், மண்ணை அல்ல. ஈர மண்ணில் புழுமுட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெயிலும் காய்ச்சலும்தான் அவற்றுக்கு எதிரி. கோழி அடையும் இடத்தின் கீழே உள்ள எச்சத்தை அடிக்கடி அள்ளிவிடுங்கள். தீனியைத் தரையில் இறைக்காமல் தட்டில் வையுங்கள். குஞ்சுகளைப் பெரிய கோழிகள் மேயாத, வெயில் படும் மேட்டில் தனியே விடுங்கள்.

சில வாரம் கழித்து அந்த உப்புக்கரைசலை மறுபடியும் எடுங்கள். மூடுதகட்டில் இந்த முறை எத்தனை முட்டைகள் தெரிகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.