தூரிகை பிடித்த விமர்சகர்

கலை விமர்சகரே ஓவியமும் தீட்டினால் அவர் தீர்ப்பை எவ்வளவு தூரம் நம்புவது? போட்டியாளரை மட்டம் தட்டுவார், தன் பாணிக்கு வக்காலத்து வாங்குவார் என்ற சந்தேகம் எழுவது இயல்பு. அதை உரசிப் பார்க்க ஜகதீஷ் சுவாமிநாதன் நல்ல உரைகல். 1928-இல் சிம்லாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அவர், இளமையில் சோஷலிச, கம்யூனிஸ்ட் இயக்கங்களில் ஈடுபட்டவர். பத்திரிகை வேலை பார்த்துக்கொண்டே டெல்லி பாலிடெக்னிக்கின் மாலை வகுப்பில் ஓவியம் கற்றார். ‘லிங்க்’ வார இதழில் கலை விமர்சனம் எழுதினார்.

1962-இல் குஜராத்தின் பாவ்நகரில் கலைஞர்கள் சிலர் கூடி ஒரு குழு அமைத்தார்கள். கூடிய வீட்டின் எண்ணையே வைத்து ‘குரூப் 1890’ என்று பெயரிட்டார்கள். ரவிவர்மாவின் இயற்கைவாதம், வங்காளப் பாணியின் கிராமியக் கனவு, ஐரோப்பிய நவீன இயக்கங்களின் நகல் ஆகிய மூன்றையும் அதன் அறிக்கை ஒதுக்கியது. அந்த அறிக்கைக்குப் பின்னிருந்த முதன்மைச் சிந்தனை சுவாமிநாதனுடையது. 1963-இல் டெல்லியில் நடந்த அதன் ஒரே கண்காட்சியை நேரு திறந்துவைத்தார். கையேட்டுக்கு முன்னுரை எழுதியவர் அன்று இந்தியாவில் மெக்சிகோவின் தூதராக இருந்த கவிஞர் ஒக்தாவியோ பாஸ். தன் பாணிக்கு ஆள் சேர்ப்பதுதான் நோக்கம் என்றால், குழுவிலிருந்த பன்னிரண்டு பேரும் ஒரே சாயலில் வரைந்திருக்க வேண்டும். ஆனால் ஜெராம் படேல் மரப்பலகையைத் தீச்சுடரால் கருக்கிப் படைத்தார். ராகவ் கனேரியா சிற்பி. சென்னையின் ரெட்டப்ப நாயுடு வேறு வழியில் போனார். சுவாமிநாதனின் புகழ்பெற்ற ‘பறவை, மலை, மரம்’ வரிசையோ இவை எதிலும் சேராது: மஞ்சளோ சிவப்போ பூசிய வெறும் வெளியில் மலை அந்தரத்தில் நிற்கும், பக்கத்தில் ஒரு சிறு பறவை.

அவருடைய பார்வைக்குப் பெரிய சோதனை போபாலில் வந்தது. 1982-இல் அங்கே திறக்கப்பட்ட பாரத் பவன் கலை மையத்தில் ‘ரூபங்கர்’ அருங்காட்சியகத்தை அமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. மத்தியப் பிரதேசக் கிராமங்களுக்கு இளம் கலைஞர்களை அனுப்பினார். அப்படிப் பட்டன்கட் கிராமத்துச் சுவரோவியத்தின் மூலம் கண்டறியப்பட்டவர்தான் கோண்டு பழங்குடி இளைஞர் ஜங்கட் சிங் ஷியாம். நகரத்து நவீன ஓவியங்களுக்குச் சமமாகப் பழங்குடிக் கலையையும் ஒரே அருங்காட்சியகத்தில் வைத்தார் சுவாமிநாதன். ஜங்கட்டின் படைப்புகள் 1989-இல் பாரிஸ் வரை போயின. இதே காலத்தில் சுவாமிநாதனின் ஓவியமும் மாறியது: பறவையும் மலையும் விலகி, மண் நிறங்களும் குறியீட்டுக் கோடுகளும் வந்தன. தன் ஓவியத்தை அளவுகோலாக வைத்து அவர் பிறரை அளக்கவில்லை. பிறரிடம் கண்டது அவர் ஓவியத்தைத் திருத்தியது.

ஒரு மறுப்பு மிஞ்சுகிறது. எந்தச் சுவர் அருங்காட்சியகத்துக்கு வர வேண்டும் என்பதைத் தனியொருவரின் ரசனை தீர்மானித்ததல்லவா? நகரத்து ரசிகரின் விருப்பத்துக்கேற்பப் பழங்குடிக் கலை வளைந்துவிடாதா? கேள்வி நியாயமானதுதான். ஆனால் அது இயக்குநர் நாற்காலியைப் பற்றியது, தூரிகையைப் பற்றியதல்ல. வாழ்நாளில் ஒரு கோடுகூட இழுக்காத விமர்சகர் அந்த நாற்காலியில் அமர்ந்தாலும் அதே ஆபத்து உண்டு. சொல்லப்போனால், வரைகிற விமர்சகரின் சார்பு ஓவியமாகச் சுவரில் தொங்குகிறது. யாரும் பார்த்து எடைபோடலாம். எழுதுவதோடு நிற்பவரின் சார்பை வரிகளுக்கிடையில் தேட வேண்டும். ஆகவே விமர்சகர் வரையக்கூடாது என்று விதி போடுவதில் பொருளில்லை. தன்னைப்போல் வரையாதவர்களையும் அவரால் பார்க்க முடிகிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அந்தத் தேர்வில் சுவாமிநாதன் தேறியவர்.